பதிலி பேசிய ஏழு நாள்

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் வசுமதிக்குக் கிடையாது. பால் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட ஒரு தரம் படித்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். இருபத்திரண்டு வருடமாகப் பீளமேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் துணி செக்கிங் பிரிவில் இருக்கிறாள். விளக்கு மேசையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் அவள் கை தானாக மேசையை நிறுத்திவிடும். இப்போது மேலே காமிரா வைத்துவிட்டார்கள். காமிரா விட்டதைப் பிடிக்க அவளை வைத்திருக்கிறார்கள். இந்தக் குணத்துக்காக வீட்டில் யாரும் அவளைப் பாராட்டியதில்லை.

அதனால்தான் வக்கீல் தில்ஷாத் மூன்று தாளை நீட்டியபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"மூணே பக்கந்தான் மேடம். கையெழுத்து எங்கன்னு மஞ்சள்ல குறிச்சிருக்கேன். சார் காலையிலயே வந்து பாத்துட்டுப் போயிட்டார். நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு ஒண்ணா வந்து போட்டாப் போதும்."

"முழுசும் எங்கீங்க?"

"முழுசுன்னா?"

"அதுக ரெண்டும் ஏழு நாள் பேசுச்சுங்கல்ல. அது."

தில்ஷாத் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு முறை பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். உக்கடத்தில் சின்ன ஆபீஸ், ஆனால் இந்த வகை ஒப்பந்தத்துக்கு ஊரில் அவளைத்தான் சொல்வார்கள். "இந்தச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. அதைக் கேட்டதுல நீங்க மூணாவது ஆளு" என்று சொல்லிவிட்டு அச்சு இயந்திரத்தை ஓடவிட்டாள். அது இருநூற்று அறுபத்துநான்கு பக்கம் துப்பிவிட்டு நின்றது.

ஒப்பந்தம் என்றதும் பிரியப்போகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பிரியப்போகிறவர்கள் போகும் கதவு வேறு. இது சேர்ந்து இருப்பவர்கள், நாளைக்கு ஒன்று ஆனால் யாருக்கு எது என்று இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது. மணவாழ்வு ஒப்பந்தம் என்று பெயர். வசுமதியின் கணவர் ஈஸ்வரமூர்த்தி முப்பது வருடம் பம்பு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு கூட்டாளியோடு சொந்தப் பட்டறை போடப் போகிறார். "நாளைக்குத் தொழில்ல ஏதாவது ஆச்சுன்னா வீட்டுமேல யாரும் கை வெக்கக்கூடாது. வீடு உன்ற பேர்ல இருந்தரட்டும்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அந்த மாதத்தில் அவர் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். சரீங்க என்று சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றினாள்.

முதல் நாள் ஆபீசுக்கு வந்தபோது தில்ஷாத் இருவரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசி முடிவு பண்ணக்கூடாது. பழைய காலத்துல புருஷன் எழுதி நீட்டுவார், பொண்டாட்டி கையைத் துடைச்சுட்டு வந்து போடுவாங்க. இல்லாட்டி ஒருத்தர் அழுவாங்க, இன்னொருத்தர் சரின்னுருவாங்க. அப்புறம் கோர்ட்ல வந்து மிரட்டி வாங்கிட்டாங்கன்னு நிப்பாங்க. அதனாலதான் பதிலி, உங்களுக்குப் பதிலாப் பேசற மெஷின்."

"அது எப்படீங்க பேசும்?" என்று வசுமதி கேட்டிருந்தாள்.

"உங்க போன்ல இருக்கற பதினஞ்சு வருஷப் பேச்சு, மெசேஜ், எங்கெங்க போனீங்க வந்தீங்க, எல்லாத்தையும் படிச்சுட்டு உங்களையாட்டவே பேசும். ஏழு நாள் ரெண்டு தரப்பும் எழுத்துல பேசி ஒரு முடிவுக்கு வரும். கையெழுத்து ஆகறவரைக்கும் நீங்க வீட்ல இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. விட்டா ஒப்பந்தம் செல்லாது."

இந்த விதியைக் கேட்டு வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. பேசக்கூடாது என்கிற சட்டத்தை அவர்கள் வீடு எட்டு வருடமாகக் கடைப்பிடித்து வருகிறது. மகள் ஹாம்பர்க் போன பிறகு இன்னும் சுத்தம். உப்பு இருக்கா, மோட்டார் போட்டாச்சா, கரண்ட் பில் வந்துருச்சா, இத்தோடு நாள் முடிந்துவிடும்.

ஆனால் அந்த ஏழு நாளில் வீட்டில் ஒன்று நடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி சீட்டியடித்தார். வசுமதி சமையல்கட்டில் நின்று கேட்டாள், பக்கத்து வீட்டிலா என்று எட்டிப் பார்த்தாள். அவர்தான், செருப்புக்கு வார் தைத்துக்கொண்டு சீட்டியடித்தார். செவ்வாய்க்கிழமை பலாச்சுளை வாங்கி வந்து, கொட்டையை எடுத்து, தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். புதன்கிழமை அவள் தைலம் தீர்ந்துபோனதை அவராகவே கவனித்து வாங்கி வைத்திருந்தார். பாகம் பிரிப்பதில் மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வசுமதிக்கு வயிறு எரிந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க, அந்த வீட்டில் தான் இன்னும் தனியாக நிற்பதுபோல் அவளுக்கு இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டி நின்றுபோயிற்று. அதன் பிறகு அவர் பழையபடி ஆகிவிட்டார். அவளைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், மோட்டார் போட்டாச்சா என்பார்.

இப்போது தில்ஷாத்தின் ஆபீசில், ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள். மத்தியானம் பன்னிரண்டு மணி. கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள்.

சொத்து விஷயம் பதினோராவது பக்கத்திலேயே முடிந்துவிட்டது. வீடு அவளுக்கு. பட்டறை அவருக்கு. மகளுக்கு வைத்திருந்தது மகளுக்கு. ஒரு தகராறும் இல்லை. மீதி இருநூற்று ஐம்பத்து மூன்று பக்கம் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பன்னிரண்டாவது பக்கத்தில் அவர் தரப்பு கேட்டிருந்தது: "வேலையெல்லாம் முடிஞ்சுது. இன்னும் ஆறரை நாள் இருக்குது. கொஞ்சம் சும்மா பேசலாமா?"

அவள் தரப்பு சொல்லியிருந்தது: "பேசுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அப்புறம் அவர்கள் பேசியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் கோபி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போனது. மகள் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தொலைத்தது. அவள் மாமனார் சாகும் முன்னால் அவளை மட்டும் அடையாளம் கண்டுகொண்டது. வசுமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. இரண்டு இயந்திரங்கள் உட்கார்ந்து தன் வாழ்க்கையை இவ்வளவு ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கின்றன, தான் அந்த ஏழு நாளும் உப்பு இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, யாரோ தன் சேலையை உடுத்திக்கொண்டு விசேஷத்துக்குப் போய் வந்தமாதிரி இருந்தது.

நாற்பத்தாறாவது பக்கத்தில் அவர் தரப்பு கேட்டிருந்தது: "தினமும் சாயங்காலம் இருபது நிமிசம் லேட்டா வர்றியே, எங்க போற? சண்டை போடக் கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவள் தரப்பு: "சிங்காநல்லூர்க் குளத்தோரமா வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பனுங்க. பறவையெல்லாம் பாக்கறதில்ல. வீட்டுக்கு வந்தா பேச ஆளில்லையேன்னு, கொஞ்சம் பொறுத்து வர்றது."

வசுமதி தாளை மடியில் வைத்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் சொன்னதில்லை. தனக்குத்தானே கூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை. டிராஃபிக் குறையட்டும் என்றுதான் சொல்லிக்கொள்வாள். தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரம் வண்டி நிற்பதைப் போன் பார்த்திருக்கிறது, பதிலி மீதியைத் தெரிந்துகொண்டிருக்கிறது. பொய் என்று ஒரு வார்த்தையைக் கூடத் தள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கண் ஓரத்தில் இருந்த நேரக் கணக்குக்குப் போனது. வேறு யாராக இருந்தாலும் போயிருக்காது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணி, நிமிடம், நொடி இருந்தது. அவள் தரப்பு எப்போதும் ஒரு நொடியில் பதில் சொல்லியிருந்தது. அவர் தரப்புக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஓரிடத்தில் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அவர் தரப்பு எல்லா நேரமும் பேசவில்லை. விடியற்காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே கால் வரை. மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை. சாயங்காலம் ஆறிலிருந்து ஆறு இருபது வரை.

விடியற்காலை அவள் நடக்கப்போகும் நேரம். மத்தியானம் அவர் சாப்பாட்டு நேரம். சாயங்காலம் அவள் குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

அவள் எழுந்து தில்ஷாத்தின் மேசைக்குப் போனாள்.

"வக்கீலம்மா, அவரு பதிலி ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுதுங்க?"

தில்ஷாத் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"முழுசும் படிக்கறவங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. அவர் பதிலி வெச்சுக்கலீங்க."

"அப்படீன்னா?"

"விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்கும், 'பதிலி வேண்டாம், நானே எழுத்தில் பேசுவேன்'னு. நீங்க படிச்சுட்டு டிக் பண்ணாம விட்டீங்க. லட்சத்துல ஒருத்தர் அதை டிக் பண்ணுவாங்க. சார் பண்ணினார். போன்ல உக்காந்து அவரே டைப் பண்ணியிருக்கார்."

வசுமதி அங்கிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு ஏன் சொல்லலீங்க?"

"பேச்சு முடியறவரைக்கும், எதிர்ல இருக்கறது ஆளா பதிலியான்னு ரெண்டு பேருக்கும் சொல்லக்கூடாது மேடம். சொன்னா அதுக்கேத்த மாதிரி பேசுவாங்க."

"அப்ப அவருக்கும் தெரியாதுங்களா? எதிர்ல நான் இல்லீன்னு?"

"நாங்க சொல்லலை."

"அது சொல்லியிருக்குமுங்களா?"

தில்ஷாத் தாள்களை வாங்கி ஐம்பத்தொன்பதாவது பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் கேட்டிருந்தார்: "வசு, நீதான பேசற?" ஒரு நொடியில் பதில்: "நான்தானுங்க. வேற யாரு உங்ககூட இத்தன நேரம் பேசுவாங்க?"

"உங்க தரப்புல நிக்கறவரைக்கும் அது நீங்கதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றாள் தில்ஷாத். அவள் குரலில் பெருமை ஒன்றும் இல்லை.

வசுமதி பெஞ்சுக்குத் திரும்பினாள். திங்கட்கிழமைச் சீட்டியும் பலாச்சுளையும் தைலமும் இப்போது அவளுக்கு விளங்கின. மனுஷன் எட்டு வருடம் கழித்துப் பெண்டாட்டி தன்னோடு பேசுகிறாள் என்று நினைத்திருக்கிறார். வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று சட்டம் இருப்பதால் சீட்டியாக விட்டிருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்த அதே இருபது நிமிடம், அவள் பேச ஆளில்லை என்று குளக்கரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. வக்கீல் ஆபீசில் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

நூற்று எழுபத்தொன்றாவது பக்கம். வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்று இருபது.

"வசு, உனக்குத் தெரிஞ்ச விசயந்தான். ஆனா நான் வாயால சொன்னதில்ல. அந்த வியட்நாம் வேலை. ரேணுகா போனாங்கல்ல, அது உனக்கு வந்ததுதான். அந்தக் கொரியாக்காரரு மொதல்ல உனக்குத்தான் போன் பண்ணுனாரு. நீ தலைக்கு ஊத்தீட்டிருந்த. நான் எடுத்தேன். அவளுக்கு இஷ்டமில்ல, திரும்பக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்கன்னு சொல்லீட்டேன். போன்ல இருந்து அந்த நம்பரையும் அழிச்சுட்டேன். பாப்பா பன்னெண்டாவதுன்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன். நெசம் அதில்ல. நீ போயிட்டா திரும்ப வரமாட்டியோன்னு பயம். அதுக்கப்புறந்தான் நீ பேச்சக் கொறச்ச. எப்படியோ உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் என்னைய இப்படித் தண்டிக்கறேன்னு எட்டு வருசமா நானும் பேசாம வாங்கிக்கிட்டேன்."

வசுமதிக்குத் தெரியாது. இந்த நிமிடம் வரை தெரியாது.

ரேணுகா அவளிடம் வேலை பழகியவள். எட்டு வருடத்துக்கு முன்னால் வியட்நாம் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்த கொரியாக்காரர் ரேணுகாவைத்தான் கூட்டிப் போனார். நாற்பது பேருக்கு நடுவில் ரேணுகாவின் பெயரைச் சொன்னபோது வசுமதி முதல் ஆளாகக் கை தட்டினாள். அன்றைக்குத் தான் எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டில் வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். தோற்றுப்போனவளோடு பேச அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் அவரும் பேசுவதில்லை என்று எட்டு வருடம் நினைத்திருந்தாள். ஒருத்தி வெட்கத்தில் பேசாமல் இருந்திருக்கிறாள். ஒருத்தர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எப்படிப்பட்ட ஜோடி!

அவள் கீழே பார்த்தாள். அவ்வளவு நீளமான பாவத்துக்கு அவள் தரப்பு ஒரு நொடியில் பதில் சொல்லியிருந்தது.

"தெரியுமுங்க. எப்பவோ மன்னிச்சாச்சு. அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க."

அவள் அந்த வரியை மூன்று தரம் படித்தாள். மூன்றாம் தரம் படித்தபோது வந்த கோபம் ஈஸ்வரமூர்த்தியின் மேல்கூட இல்லை. எட்டு வருடம். அந்த எட்டு வருடத்துக்குக் கத்தியிருக்கலாம், சாமானை எறிந்திருக்கலாம், கோபியில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்திருக்கலாம். ஒருவேளை கடைசியில் மன்னித்தும் இருக்கலாம். அத்தனையும் அவளுடையது. அதை அவளைக் கேட்காமல் எவளோ எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"இது நான் சொல்லலீங்க" என்றாள், தில்ஷாத்தின் முன்னால் தாளை வைத்து. "எனக்குத் தெரியவே தெரியாது. அது எப்படித் தெரியுமுன்னு சொல்லலாம்?"

தில்ஷாத் படித்தாள். "எல்லாப் பதிலியிலயும் ஒரு குணம் சேத்திருக்கு மேடம். உடன்பாட்டுக்கு வரணும்னு. அது சண்டை போட்டுட்டு நிக்காது. நின்னா ஏழு நாள்ல முடியாதே."

"மத்ததெல்லாம் சரியாச் சொல்லியிருக்குதுங்களே. குளத்தோரம் உக்காந்திருந்தது வரைக்கும்."

"அதனாலதான் கேக்கறேன். ஒருவேளை இதுவும் உங்க மனசுல இருக்கறதாவே இருந்தா?"

"இருக்கலாமுங்க. ஆனா அத நானல்ல பாத்துச் சொல்லோணும்!"

குரல் உயர்ந்துவிட்டது. தில்ஷாத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம் மெதுவாக விளக்கினாள். கையெழுத்துக்கு முன்னால் பதிலி சொன்ன எந்த வரியையும் அடிக்க வசுமதிக்கு உரிமை உண்டு. அதற்கு மறுப்புக் குறி என்று பெயர். ஆனால் எதிர்த் தரப்பு முன்னால்தான் அடிக்க வேண்டும், ஏன் என்று அவருக்குச் சொல்லவும் வேண்டும்.

"அடிச்சா, இத்தன நாளும் பேசுனது நீங்க இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்" என்றாள் தில்ஷாத். "அடிக்கலைன்னா அவர் மன்னிப்பு வாங்கினவராவே இருந்துக்குவார். நீங்க ரெண்டு பேரும் இனிமே பேசிக்கவும் செய்யலாம். நான் வக்கீல். எதைச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன்."

அன்றைக்கு அவள் குளக்கரையில் நிறுத்தவில்லை. நேராக வீட்டுக்குப் போனாள். ஆறு மணி. ஈஸ்வரமூர்த்தி கூடத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு நாள் முடிந்துவிட்டதால் அதில் பேச ஒருவரும் இல்லை.

"நேரத்துலயே வந்துட்ட" என்றார்.

"ஆமாங்க."

"வக்கீல் ஆபீஸ் போனியா?"

"போனனுங்க."

"முழுசும் வாங்குனியா?"

அவர் கண்ணைப் பார்க்காமல் கேட்டார். சொல்லிவிடலாம். சொன்னால் ஒப்பந்தம் செல்லாது, போனால் போகட்டும். ஆனால் இந்த மனுஷன் மூன்று நாள் சீட்டியடித்தாரே. எட்டு வருடத்தில் அவர் முகத்தில் அவள் பார்த்த ஒரே வெளிச்சம் அது. அதை ஒரு இயந்திரம் போட்டது என்று சொல்வதா?

"வாங்குனனுங்க. இன்னும் படிக்கல" என்று பொய் சொன்னாள்.

"படி" என்றார். "முழுசாப் படி." எழுந்து போய் மோட்டார் போட்டார். தொட்டி நிரம்பியிருந்தது, தண்ணீர் வழிந்து ஓடும் சத்தம் கேட்டும் அவர் வெகு நேரம் அணைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் தில்ஷாத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வந்திருந்தார்கள், ஒரு பேச்சும் இல்லை. சிவப்புப் பேனா மேசைமேல் இருந்தது. அடிக்காமல் விட்டால், இந்த வாழ்க்கை முழுக்க இன்னொருத்தி வாங்கிக் கொடுத்த சமாதானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வீட்டில் சிரிக்கும்போதெல்லாம் அது யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் இருக்க வேண்டும். அடித்தால், அந்தச் சிரிப்பும் போய்விடும்.

அவள் பேனாவை எடுத்தாள். நூற்று எழுபத்தொன்றாவது பக்கத்தைப் பிரித்து, அந்த ஒரு வரியின் மேல் நேராகக் கோடு போட்டாள்.

தில்ஷாத் தொண்டையைச் செருமினாள். "சார், மேடம் ஒரு வரிய மறுக்கறாங்க. அதாவது, இது..."

வசுமதி அவளை முடிக்க விடவில்லை. ராத்திரி முழுக்க எப்படிச் சொல்வது என்று வார்த்தை அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை, வேறொன்று வந்தது.

"அந்தப் போன் எத்தன மணிக்கு வந்துச்சுங்க?"

ஈஸ்வரமூர்த்தி அவளையே பார்த்தார். அவர் திடுக்கிடவில்லை. உதடு கோணிற்று, சிரிக்கிறாரா என்று பார்த்தால், அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் வக்கீல் ஆபீசில் முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அது இதக் கேக்கவே இல்ல வசு" என்றார். "நான் சொல்லி முடிச்சதும் நீ கேக்கறது இதாத்தான் இருக்கும்னு காத்துட்டிருந்தேன். எத்தன மணி, என்ன கெழம, நான் என்ன சட்ட போட்டிருந்தேன், எல்லாம் கேப்பேன்னு. ஒரு நொடியில மன்னிச்சுட்டேன்னு சொல்லீருச்சு. அப்பத் தெரிஞ்சுது, அது நீ இல்லைன்னு."

வியாழக்கிழமை சாயங்காலம் நின்றுபோன சீட்டி அவள் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கேட்டும், அது ஏன் நின்றது என்று அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சும் ஏனுங்க ஞாயித்துக்கிழம வரைக்கும் பேசுனீங்க?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் பேசுனா பதில் வந்துச்சு" என்றார். "அதுக்குத்தான். அப்புறம், நீ முழுசாப் படிக்காமக் கையெழுத்துப் போடமாட்டேன்னும் தெரியும். எப்படியும் அந்தப் பக்கத்துக்கு வருவேன்னு."

தில்ஷாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வக்கீலுக்கும் வீடு உண்டு. அதில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து, "அடிச்ச இடம் காலியா இருக்கக்கூடாதுங்க மேடம். அங்க உங்க பதில் என்னன்னு போடணும்" என்றாள்.

"இன்னும் சொல்லலீன்னு போடுங்க."

"அப்படிப் போட முடியுமான்னு..."

"போடுங்க வக்கீலம்மா."

தில்ஷாத் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வீடு வசுமதியுடையது ஆயிற்று.

"கையெழுத்து ஆனதும் பதிலியை அழிச்சுருவோம்" என்று தில்ஷாத் சொன்னாள். "சட்டப்படி வெச்சுக்கக் கூடாது."

"அழிச்சுருவீங்களா?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி. கேட்டுவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் ஓடியதை வசுமதி பார்த்துவிட்டாள். ஊருக்குப் போகிறவர்களை பஸ் ஏற்றிவிட்டு நிற்பவர்களின் முகம். தன் குரலில் பேசிய, தன் கதையைச் சொன்ன, தன்னைவிட லேசான ஒருத்தியின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஏழு நாளும் அவர் ஆசையாகப் பேசிய பெண்டாட்டி அவள்தான், இவள் இல்லை. இதை மன்னிக்க முடியுமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

தில்ஷாத் ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தம் ஒன்றும் வரவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். நிழல் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி அதை அவளுக்கு விட்டுவிட்டு வெயிலில் நின்றார். இரண்டு பஸ் வந்து போயின, இருவரும் ஏறவில்லை.

"ரேணுகா பேரச் சொன்ன அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தேன்" என்றாள் வசுமதி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நீங்க எனக்குத் தோசை ஊத்திக் குடுத்தீங்க. அதுவரைக்கும் நீங்க அடுப்புப் பக்கமே வந்ததில்ல. என்ன நெனச்சுட்டு ஊத்துனீங்க?"

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.

"மொதல்ல போன் வந்த மணியச் சொல்லீர்றேன்" என்றார். "பதினொன்னே கால். ஞாயித்துக்கிழம."

"ம்" என்றாள் வசுமதி. "மேல சொல்லுங்க."